தலைக்கணக்கு

நிவாரணப் பணிக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு வகுத்தல் கணக்கு. 1987 ஜூன் 4-ஆம் தேதி இந்திய விமானப்படையின் ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டன் சாமான்களைப் போட்டுவிட்டுத் திரும்பின. ‘பூமாலை’ என்று அதற்குப் பெயர். முந்தின நாள் ராமேசுவரத்திலிருந்து உணவுப்பொருள் ஏற்றிப் போன படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியிருந்தது. குடாநாட்டில் அப்போது ஏழெட்டு லட்சம் பேர். ஆளுக்கு எவ்வளவு வரும்? பிள்ளைகள் செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்வார்கள். முப்பது கிராம் சொச்சம். ஒரு குழந்தையின் கைக்குள் அடங்கிவிடும். அரசியலில் அது பெரிய காரியம்தான். அடுத்த மாதக் கடைசியில் இந்திய-இலங்கை ஒப்பந்தமே வந்துவிட்டது. அடுப்பில் ஏற்றிப் பார்த்தால் ஒரு நேரத்துக்கும் காணாது. விமானத்தைப் பார்த்துக் கை தட்டலாம், தப்பில்லை. தட்டி முடித்ததும் வகுத்துப் பார்க்கிற ஆள்தான் எனக்கு வேண்டும்.

எங்கள் தொழிலின் எண்கள் எல்லாமே ‘ஆளுக்கு’ என்றுதான் தொடங்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி. சாமானாகச் சொன்னால் 400 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய், கொஞ்சம் சத்துமாவு, சர்க்கரை, 5 கிராம் உப்பு. ஆளுக்கு 15 லிட்டர் தண்ணீர். 250 பேருக்கு ஒரு குழாய். 20 பேருக்கு ஒரு கக்கூஸ். 1994-ல் ருவாண்டாவிலிருந்து தப்பி கோமா முகாம்களுக்கு வந்தவர்கள் காலராவில் கூட்டங்கூட்டமாகச் செத்ததைக் கண்ட பிறகு, உதவி அமைப்புகள் கூடிப் பேசி 1997-ல் தொடங்கிய வேலை இது. ‘ஸ்பியர்’ கையேடு என்பார்கள். நல்ல கையேடு. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் இன்னொரு எண்ணால் பெருக்கியாக வேண்டும். அந்த இன்னொரு எண் எந்தக் கையேட்டிலும் இருக்காது. எத்தனை பேர்? அதை யாராவது நடந்துபோய் எண்ணிக்கொண்டு வர வேண்டும். நிவாரணத்தில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது, அல்லது கெட்டுப்போகிறது என்பது என் கட்சி.

தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு வந்த கூலியாட்களின் படியை நாளைக்கு ஒரு பவுண்டு தானியமாகக் குறைத்தார். சுமார் 450 கிராம். சாலை போடவும் மண் சுமக்கவும் வந்த ஆம்பிளைக்கு அது போதும் என்று அவர் கட்சி. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் போதாது என்று மன்றாடினார். சில மாதங்களில் படியை ஏற்ற வேண்டியதாயிற்று. அதற்குள் முகாம்களில் ஆட்கள் சரிந்துவிட்டார்கள். அங்கே தலைக்கணக்கு எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆளுக்கு எவ்வளவு என்பதில் கை வைத்தார்கள். நூற்றிமுப்பது வருஷம் கழித்து இலங்கையின் வன்னியில் நடந்தது நேர் எதிர். ஆளுக்கு எவ்வளவு என்பதை யாரும் தொடவில்லை. ஆளையே குறைத்தார்கள்.

2008 செப்டம்பரில் அரசாங்கம் சொன்னதன் பேரில் ஐ.நா. அலுவலர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். போகாதீர்கள் என்று சனங்கள் வாசலில் வந்து நின்று கேட்டும் கிளம்பினார்கள். எண்ணுகிற வெளி ஆள் அதோடு இல்லாமல் போனார். 2009 பிப்ரவரியில் போர் வளையத்துக்குள் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்து முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபர் 3,30,000 என்று எழுதினார். அவரும் அரசாங்க ஊழியர்தான். கிராம சேவையாளர்கள் பதுங்குகுழி பதுங்குகுழியாகப் போய் எழுதிக் கொடுத்த கணக்கு அது. அவருக்குக் கிடைத்தது ஒழுங்கு நடவடிக்கை எடுப்போம் என்கிற கடிதம். ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011-ல் இதைப் பதிவு செய்திருக்கிறது. எழுபதாயிரம் பேருக்கு அளந்த சோற்றை மூன்று லட்சம் பேர் பங்கிட்டால் 2,100 கலோரி ஐந்நூறுக்குள் வந்து நிற்கும். யாரும் சோற்றை மறுக்கவில்லை, பாருங்கள். எல்லாம் கணக்குப்படி நடந்தது.

செஞ்சிலுவைக் குழு வாடகைக்கு எடுத்த கப்பல் புதுமாத்தளன் கரைக்கு வந்து உணவை இறக்கிக் காயம்பட்டவர்களை ஏற்றிப் போனது. மே 9-க்குப் பிறகு அதற்கும் வழியில்லை. அரிசியும் தண்ணீரும் உப்பும், கிடைத்த அன்றைக்குத் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சிதான் கடைசி வாரங்களில் உயிரைப் பிடித்து வைத்தது. அதே கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் வடக்கிலும் கிழக்கிலும் தெருவில் வைத்து ஊற்றுகிறார்கள். 2024-ல் சம்பூரில் அப்படிக் கஞ்சி கொடுத்தவர்களைப் போலீஸ் கைது செய்தது. மாவட்டக் கச்சேரிப் பதிவில் இருந்தவர்களிலிருந்து வெளியே வந்தவர்களைக் கழித்துப் பார்த்த மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், 1,46,679 பேர் எங்கே என்று 2011-ல் அரசாங்கத்தின் ஆணைக்குழு முன்னால் கேட்டார். தலைக்கணக்கு சோற்றுக்கு மட்டும் உதவுகிற சங்கதி இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது அந்த ஒரு எண்.

வெளியிலிருந்து போன உதவியின் கதையும் சொல்ல வேண்டும். 2009-ல் ஐரோப்பாவில் இருக்கிற தமிழர்கள் பல நூறு டன் உணவும் மருந்தும் சேர்த்து ‘வணங்காமண்’ என்று கப்பல் அனுப்பினார்கள். அது இலங்கைக் கடலுக்கு வந்து சேர்ந்தபோது போர் முடிந்துவிட்டது. கடற்படை திருப்பி அனுப்பி, சென்னைக்கு வந்து, வேறு கப்பலுக்கு மாற்றி, கொழும்புத் துறைமுகத்தில் தீர்வைத் தகராறில் மாதக்கணக்கில் கிடந்தது. கொடுத்த மனசில் குறை சொல்ல மாட்டேன். கரையில் வாங்கிப் பங்கிட ஆளும் அனுமதியும் இல்லாமல் கப்பல் விடுவது நிவாரணமாகாது, அவ்வளவுதான். 2022-ல் இலங்கை திவாலாகி அடுப்பெரியாமல் நின்றபோது தமிழ்நாடு அரசு அனுப்பிய அரிசி, பால்மாவு, மருந்துகளில் ஒரு கப்பல் நம் தூத்துக்குடியிலிருந்து ஜூன் மாதம் போனது. அரசுக்கு அரசு பேசி முடித்திருந்ததால் அங்கே கிராம சேவையாளரின் பட்டியல் வழியாகத் தோட்டத் தொழிலாளி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

2009-ல் போர் முடிந்து நான் வவுனியா போய்ச் சேர்ந்தபோது வன்னி காலியாகி, செட்டிகுளம் மெனிக் பாமில் கூடாரங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. சுற்றிலும் முள்கம்பி. முகாம்களில் மொத்தம் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பேர். என் வேலை பதிவு. ஒரு வயசான அம்மா. நான் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்க, “ஆறு பேர் எண்டு எழுதுங்கோ தம்பி” என்றார். கூடாரத்துக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். நான் எண்ணுவதைப் பார்த்துவிட்டு, “ஒருத்தி இன்னும் வரேல்லை. பேர் இல்லாட்டி அவள் வந்தால் சாப்பாடு தருவினமோ?” என்றார். பங்கு அட்டையில் ஐந்து எழுதினேன். ஆறாவது பெயரை வயது, கடைசியாகப் பார்த்த இடம் எல்லாம் கேட்டுத் தனித்தாளில் எழுதி, காணாமல் போனவர்களைத் தேடும் செஞ்சிலுவைக்காரர்களிடம் கொடுத்தேன். பெண்பிள்ளை வந்த அன்றைக்கே அட்டையில் சேர்க்கப்படும் என்று அந்த அம்மாவுக்குச் சொன்னேன். பங்கு என்பது இருக்கிறவர்களுக்கு. ஆனால் இல்லாதவர்களை எழுதாமல் விடுகிற பதிவுக்காரன் பாதிக் கணக்குத்தான் எழுதுகிறான்.

எண்ணுவதில் சில முறைகள் உண்டு. விடியலில் எண்ண வேண்டும், ஆட்கள் படுத்த இடத்தில் இருக்கும்போது. பகலில் தண்ணீருக்கும் விறகுக்கும் போய்விடுவார்கள், ஒரே பிள்ளையை மூன்று கூடாரத்தில் பார்க்கலாம். பிள்ளையை இரவல் வாங்குகிறார்களே என்று கோபப்படக் கூடாது. படி போதவில்லை என்பதற்கு அதைவிடச் சுத்தமான சாட்சி கிடையாது. நேரமில்லாவிட்டால் பத்துக் கூடாரத்துக்கு ஒன்று என்று நுழைந்து தலை எண்ணி, சராசரி பிடித்துப் பெருக்கலாம். ஐந்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் மேற்கையில் நாடா சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. அந்தப் பிள்ளைக்கு வீட்டுப் படி உதவாது, வைத்தியம்தான். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு அள்ளி ஊட்டினால் செத்துப்போகும் என்பது பாசத்தோடு சோறு பிசைகிற தாய்மாருக்குச் சொல்லிப் புரிய வைக்க மிகக் கடினமான விஷயம். சத்தம் போடாமல், பக்கத்தில் உட்கார்ந்து, பாலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக் காட்ட வேண்டும்.

பஞ்சம் என்று உலகம் அறிவிப்பதும் எண்ணித்தான். ஐந்தில் ஒரு குடும்பம் உணவே இல்லாத நிலைக்குப் போயிருக்க வேண்டும், நூறு பிள்ளைகளில் முப்பது பேர் மெலிந்திருக்க வேண்டும், பத்தாயிரம் பேரில் நாளைக்கு இரண்டு பேர் செத்துக்கொண்டிருக்க வேண்டும். குண்டு விழுகிற ஊரில் இதை யார் போய் எண்ணுவது? அதனால் அறிவிப்பு எப்போதும் பிந்தியே வரும். சோமாலியாவில் 2010–12-ல் ஏறக்குறைய 2,60,000 பேர் செத்தார்கள். அதில் பாதிப்பேர் 2011 ஜூலையில் பஞ்சம் என்று அறிவிப்பதற்கு முன்னாலேயே போய்விட்டார்கள். சூடானில் ஜம்ஜம் முகாமுக்கு 2024 ஆகஸ்டிலும், காஸாவுக்கு 2025 ஆகஸ்டிலும் அந்த அறிவிப்பு வந்தது. இரண்டு இடத்திலும் லாரி வரத் தயாராக இருந்தது, வழிதான் அடைத்திருந்தது. காஸாவிலும் வானத்திலிருந்து பாராசூட் இறக்கினார்கள். தெற்கு சூடானில் 2017-ல் லேர், மயென்டிட் வட்டாரங்களில் பஞ்சம் வந்தபோதும் விமானம்தான். ஆனால் அங்கே ஒரு முறை இருந்தது: முதலில் ஹெலிகாப்டரில் பதிவுக்காரர்கள் நோட்டோடு இறங்குவார்கள், சதுப்புக்குள் ஒளிந்திருந்த சனங்கள் நடந்து வந்து பெயர் கொடுப்பார்கள், பிறகுதான் பெரிய விமானம் வந்து சோள மூட்டைகளைப் போடும். சாக்குக்கு மேல் சாக்கு போட்டுத் தைத்த மூட்டைகள். சாலை வழியைவிடப் பல மடங்கு செலவு, ஆனாலும் போட்டது யாருக்கு என்று தெரிந்து போட்டார்கள்.

பங்கிடும் இடத்துக்கு வருவோம். ஆளுக்கு என்ன, எவ்வளவு என்று பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படம் போட வேண்டும். தனக்கு எவ்வளவு உரிமை என்று தெரிந்த பெண்ணிடம் எந்தத் தராசுக்காரனும் விளையாட முடியாது. வரிசை நிழலில் நிற்க வேண்டும். கர்ப்பிணியும் கிழவியும் தனி வரிசை. கடைசி ஆள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மீதி மூட்டைகள் இருக்க வேண்டும், அப்போது தள்ளுமுள்ளு வராது. தீர்ந்துவிடுமோ என்ற பயம்தான் கூட்டத்தை நெரிக்கிறது, பசி இல்லை. முகாமில் ஐந்து குடும்பத்துக்குச் சேர்த்து முழு மூட்டையாகக் கொடுத்துவிட்டால் அவர்களே உட்கார்ந்து சுண்டு அளவில் பிரித்துக்கொள்வார்கள். நாங்கள் அளப்பதைவிடச் சுத்தமாக அளப்பார்கள். அரிசியோடு அடுப்பெரிக்க என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடியில் கால் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொதியை நீட்டிக்கொண்டு படத்துக்கு நிற்கிற வழக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. வாங்குகிறவர் எங்கே பார்க்கிறார் என்று அந்தப் படங்களில் ஒரு தடவை பாருங்கள், போதும்.

நோட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. போர் நடக்கிற நாட்டில் பட்டியலைக் கேட்டு எல்லாரும் வருவார்கள். மெனிக் பாமில் யார் எந்த இயக்கத்தில் இருந்தார் என்று சலிக்கிற வேலை தனியாக நடந்துகொண்டிருந்தது. ‘கணவர் எங்கே?’ என்ற கேள்வியை என் தாளில் நான் வைக்கவில்லை. பங்குக்கு எது தேவையோ அதை மட்டும் எழுதுவது, வேலை முடிந்தால் தாளை எரித்துவிடுவது. நம் ஊருக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் தலித் குடும்பங்கள் நிவாரண வரிசையிலிருந்தும் முகாமிலிருந்தும் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. தெருவாரியாகப் பட்டியல் எடுத்தாலே நம் பக்கம் சாதிவாரிப் பட்டியல் ஆகிவிடும். அதனால் எந்தத் தெரு முதலில் என்பதைத் தண்ணீரின் ஆழத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும், தலைவர்களின் வீட்டை வைத்தல்ல.

மூதூரில் 2006 ஆகஸ்டில் ‘பசிக்கு எதிரான நடவடிக்கை’ என்ற பிரெஞ்சு அமைப்பின் பதினேழு ஊழியர்கள் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லாரும் உள்நாட்டுப் பிள்ளைகள், பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். அமைப்பின் டீ-சர்ட் போட்டிருந்தார்கள். இன்று வரை யாருக்கும் தண்டனை இல்லை. உலகம் முழுக்க இந்த வேலையில் சாகிறவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்க்காரர்கள்தான். வெளியிலிருந்து போகிற என்னைப் போன்றவனுக்குத் திரும்பி வர வண்டி இருக்கும். இந்தத் தொழிலைப் பற்றிப் பெருமையாகப் பேச்சு வரும் இடத்தில் எல்லாம் நான் மூதூரைச் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி பெருகி எங்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குள் வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு மூழ்கியது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே தண்ணீர். 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களே வாயடைத்துப் போனார்கள். தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் வெளியூர் வேன்கள் வரத் தொடங்கின. நல்ல மனசுக்காரர்கள். வண்டி நிறுத்த வசதியான இடம் எங்கள் பைபாஸ் முக்கு, அதனால் எல்லாம் அங்கேயே இறங்கின. மதியம் எலுமிச்சைச் சாதம் மலையாகக் கிடந்தது, சாயங்காலம் புளித்த வாடை. அதே நேரத்தில் கிழக்கே ஏரலுக்கு வழியறுந்து, அங்கே என்ன நிலவரம் என்றே தெரியவில்லை.

“அண்ணாச்சி, இன்னொரு வேன் நிக்கி, எறக்கிருவோமா?” என்று தெருப் பையன் ஒருத்தன் ஓடி வந்தான். “எறக்காதல. நம்ம தெருவுல எத்தன வீட்ல அடுப்பு எரியல, மொதல்ல அதச் சொல்லு” என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. நாலு பையன்களை அனுப்பினேன், ஆளுக்கு ஒரு சந்து. திரும்பி வந்த கணக்கில் சாப்பாடு கேட்ட வீடு கொஞ்சம்தான். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும், பிள்ளைகளுக்குப் பால், பெண்களுக்கு நாப்கின், குடிதண்ணீர், சேறு கழுவ பிளீச்சிங் பவுடர், பாய் என்றுதான் வந்தது. மாடியில் தனியாக ஒரு ஆச்சி இரண்டு நாளாக வறட்டுப் பிஸ்கட்டோடு இருந்தது அப்போதுதான் தெரிந்தது. ரெண்டு சந்து தள்ளிச் சோறு ஊசிப்போய்க் கிடக்கிறது. வேன்காரரிடம் விஷயத்தைச் சொன்னோம். முகம் சுளிக்காமல், சாதத்தைக் கிழக்கே வண்டி போகிற மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுநாள் மருந்தோடு வந்தார்.

அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. சுமார் 800 பேர். அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: எத்தனை பேர், எங்கே என்று நாடு முழுக்கத் தெரியும். ஹெலிகாப்டர் போனது. அதற்கு முன்னால் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்க, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். பட்டியலில் இருந்தவர்களுக்கு ஹெலிகாப்டரே வந்தது. பட்டியலில் இல்லாத வீடுகள் ஆற்றின் இரு கரையிலும் காத்துக்கிடந்தன.

அடுத்த ஐப்பசிக்கு முன்னால் உங்கள் தெருவுக்கு ஒரு நோட்டு போடுங்கள். வீட்டுக்கு வீடு எத்தனை தலை, ஐந்து வயசுக்குள் யார், படுக்கையில் யார், தினமும் எந்த மாத்திரை, தனியாக இருக்கிற ஆச்சி தாத்தா யார், மாடி இருக்கிற வீடு எது, வாடகைக்கு வந்திருக்கிற வடமாநிலப் பையன்கள் எத்தனை பேர். சாதி எழுத வேண்டாம், ரேஷன் கார்டு நம்பர் வேண்டாம். பென்சிலில் எழுதுங்கள், நனைந்தாலும் எழுத்து ஓடாது. ஒரு பிரதியை ஆற்றங்கரையைவிட்டுத் தள்ளி மேட்டில் இருக்கிற ஒரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.